பூச்சி மேல் விழுந்த பழி

"கொளஞ்சியப்பனுக்கு நல்லா வேணும்!"

கம்பெனி பூரா இதே பேச்சுதான். எனக்கும் அவன் மேல ஆத்திரம்தான், பொய் சொல்லுவானேன்.

விருத்தாசலத்துல ஜாடியும் பொம்மையும் செய்யுற சின்ன பீங்கான் கம்பெனி எங்களுது. முதலாளி ராஜமாணிக்கம் ரூம்ல ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணி ஊத்தி, அஞ்சு கலர் மீனு. அவரோட ஒம்பது வயசுப் பொண்ணு ஆசைப்பட்டு வளத்தது. போன தையில அந்தப் பாப்பா மூளைக்காய்ச்சல்ல போயிடுச்சு. அதுலேர்ந்து மனுஷன் சோறு தண்ணி மறந்து தொட்டி முன்னாலயே உக்காந்திருப்பாரு.

தொட்டியைப் பாத்துக்கிட்டது பியூன் கொளஞ்சியப்பன். பரங்கிப்பேட்டை மாமியார் வூட்டுக்குப் போறப்பல்லாம் ஜாடியில கடல் தண்ணி புடிச்சு பஸ்ஸுல கொண்டாருவான். மீனு ஒளிஞ்சு விளையாடட்டும்னு ஒரு ஓட்டைக் கல்லும் கொண்டாந்தான். அந்த ஓட்டையில தொத்திக்கிட்டு ரெண்டு புழு வந்துருச்சு. விரல் நீளம், உடம்பெல்லாம் மயிரு.

"என்னாய்யா கருமம் இது, மீனைத் தின்னுடாது?"ன்னு கேட்டேன்.

"சாதுங்க அது. மீனு மிச்சம் வக்கிற தீனி, அழுவுனது, அதான் அதுக்குச் சாப்பாடு. எங்க மாமனாரு அம்பது வருஷமா கடல்ல பாக்குறாரு."

நானும் நம்பித் தொலைச்சேன்.

போன வாரம் ஒரு மீனு செத்து மெதந்துச்சு. அடுத்த நாள் ரெண்டு. இன்னிக்குக் காலையில பாத்தா மிச்சமும் போச்சு. ரெண்டு புழுவுல ஒண்ணு மட்டும் கண்ணாடியில மேல ஊர்ந்துக்கிட்டு இருக்குது.

"யாருடா இந்தப் பூச்சிய உள்ள வுட்டது?" முதலாளி சத்தம் போட்டாரு.

"நாந்தாங்க."

"இதுதான தின்னுச்சு?"

கொளஞ்சியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஆமாங்க. பூச்சிதாங்க."

"எம் பொண்ணு வளத்த மீனுடா! போ வெளிய. இனி என் கண்ணுல படாத!"

பதினோரு வருஷத்து வேல. வூட்டுல மூணு புள்ளைங்க. ஒரு வார்த்த கெஞ்சாம போயிட்டான். முதலாளி தொட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிட்டு, உள்ள கெடந்த குட்டிப் பச்சைப் பொம்மை வீட்டை மட்டும் எடுத்து வேட்டியில தொடச்சு மேசை மேல வச்சுக்கிட்டாரு.

எனக்குப் பொறுக்கல. சாயங்காலம் கொளஞ்சியப்பன் வூட்டுக்கே போயிட்டேன்.

"சாதுன்னு எங்கிட்ட சொன்ன வாயி, அங்க ஏன்யா ஆமாம் போட்டுச்சு? அப்ப என்கிட்ட புளுகுனியா?"

உள்ள போயி ரெண்டு பாட்டிலைக் கொண்டாந்து வச்சான். ரெண்டுலயும் கடல் தண்ணி. ஒண்ணுல, தொட்டியிலேர்ந்து எடுத்தாந்த இன்னொரு புழுவும் ஒரு பொடி மீனும். மீனு துள்ளிக்கிட்டு இருக்குது. இன்னொண்ணுல புழுவே இல்ல, பளபளப்புக்குப் பூசுற பச்சை கிளேஸு போட்ட ஓட்டுத் துண்டு ஒண்ணு. மீனு செத்துக் கெடக்குது.

"அந்தப் பச்சை வீடுதாங்க. இது அதோட சேத்துச் சுட்ட துண்டு. சூளையில சரியா வேகல, தண்ணியில வெஷம் எறங்குது. காலையிலதான் இந்த மீனு செத்ததப் பாத்தேன். கம்பெனிக்கு ஓடியாந்தேன், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. புழு பாவம், தப்பிச்சு ஓடத்தான் மேல ஏறுச்சு."

"அட பைத்தியக்காரா! அந்த வீட்டைப் போன வாரம் தொட்டியில வச்சதே முதலாளிதான்யா! இந்தப் பாட்டிலைக் காட்டியிருந்தா உன் வேல தப்பிச்சிருக்குமே. இப்பவே வா, நான் வந்து சொல்றேன்!"

எழுந்த என் கையைப் புடிச்சுக்கிட்டான்.

"வேண்டாங்க. அந்த வீட்டை மண்ணுல புடிச்சு, பச்சை பூசி வச்சதே பாப்பாதாங்க. செத்த புள்ள கையாலதான் அது வளத்த மீனு செத்துச்சுன்னு, பெத்தவருகிட்ட எப்படிங்க சொல்றது?"