இரும்பு வாணலி போடலாமாங்க?

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சமையலறையில் நின்றவர்கள் அண்ணன், அண்ணி, தங்கை மூவர்தான். தங்கை தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

“ஆனா நான் வேலை செய்யற வீட்டு உபயோகப் பொருள் கடைக்குத் தினமும் போன் பண்ணுவார், அண்ணி. ‘பாத்திரம் கழுவுற மெஷின்ல மரக்கரண்டி போடலாமாங்க?’ம்பார். குரல் தெரிஞ்சும், ‘விரிசல் விட்டுடும் சார்’னு யாரோ மாதிரி சொல்வேன். மறுநாள், ‘இரும்பு வாணலி?’ ‘துருப்பிடிக்கும் சார்.’ ஒரு தடவையாவது அப்பான்னு கூப்பிட்டிருக்கலாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “மெஷின் எங்க, அண்ணி?”

“இந்த வீட்டுல ஏதும்மா மெஷின்? கடைசிவரைக்கும் அவர் தட்டை அவரேதான் கழுவினார்.”

இல்லாத மெஷினைப் பற்றித் தினமும் விசாரித்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் நல்ல தெளிவோடுதான் இருந்தார்.