கறுப்புத் தாள் சுற்றிய புட்டி

சுரங்க ஆஸ்பத்திரியின் சன்னலோரக் கட்டிலில் தலையணை மேல் சாய்ந்தபடி சம்பங்கி. அவன் கால்மாட்டில், முக்காலியில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்துக் கடிதம் எழுதும் மனைவி பத்மா. எதிர்க் கட்டிலின் விளிம்பில், கால் ஆறச் சற்று உட்கார்ந்திருக்கும் நர்ஸ் மார்த்தா. வெளியே பிற்பகல் ஷிப்டின் சங்கு ஊதி அடங்குகிறது. சிறுநீரகக் கோளாறுக்குத் தின்ற மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பைக் குறைத்துவிட, சம்பங்கியின் மூளைச் சவ்வில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆறு வாரமாக ஏறிய மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் புட்டிக்குக் கறுப்புத் தாள். மருந்து ஏறும்போதெல்லாம், சுரங்கத்தில் பாறை வெடிக்கும் ‘ஏர்பிளாஸ்ட்’ போல் குளிர்நடுக்கத்தில் கட்டிலே குலுங்கும். முதுகுத்தண்டு நீரில் இப்போது பூஞ்சையே இல்லை, இந்தப் புட்டியோடு போதும் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். மார்த்தா எழுந்து தாளை உரிக்கிறாள். காலிக் கண்ணாடி வழியே வெயில் போர்வை மேல் விழுந்து, நடுங்காமல் கிடக்கிறது. “இன்னாண்ணே, இன்னிக்கு ஏர்பிளாஸ்ட்டையே காணோம்?” என்கிறாள். “இருட்டுல வேலை செஞ்சவன் நானு. மருந்தும் இருட்டுல இருந்துதான் காப்பாத்திச்சு, சிஸ்டர். நீங்களுந்தான்” என்கிறான் சம்பங்கி. கடிதம் மெட்ராஸிலிருக்கும் அவன் அண்ணன் எத்திராஜுக்கு. கடைகடையாய் அலைந்து மருந்தை வாங்கி ரயிலில் அனுப்பியவர் அவர். ‘அவர் தேறி வருகிறார்’ என்று பத்மா எழுதும்போதெல்லாம், தம்பியின் கையெழுத்து எங்கே என்றுதான் அவரிடமிருந்து பதில் வரும். பத்மா அட்டையை நீட்டுகிறாள். “நீங்களே எழுதுங்க. நான் எழுதினா உங்கண்ணன் நம்பமாட்டாரு.” பேனா ஒருமுறை தடுமாறி நிலைக்கிறது. ‘அண்ணே, நான்தான் எழுதுறேன்.’ அதன்கீழ் முழுப்பெயர். பத்மா மை காய ஊதி, உறையை ஒட்டி, வாசலிலிருக்கும் சிவப்புத் தபால் பெட்டிக்குள் போடுகிறாள். அது அடியில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுக்கிறாள்.