அடுத்த மாதத்துச் சீட்டு

ஆறு வருடமாக மாதாமாதம் வந்து கணவரின் ஹார்ட் மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துப் போகும் குமுதவல்லி, அன்று சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அடுத்த மாசத்திலிருந்து அவருக்கு எழுத வேண்டாம்மா" என்றாள். கிளினிக் வரவேற்பில் இருந்த ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் நிறுத்தச் சொன்னாரா? வெளியூர் போறீங்களா?" "இல்லம்மா. தேவைப்படாது." "உங்க சுகர் மாத்திரை?" "என்னுது எப்பவும்போல இருக்கட்டும்." பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாமென்று சொல்கிற குரல். ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்தாள். குமுதவல்லியின் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். வெளியே ஆட்டோவில் அவள் கணவர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். "சார், அடுத்த மாசமும் வருவீங்கல்ல?" என்று கேட்டாள். "வராம எங்கம்மா போகப்போறேன்?" என்று சிரித்தார் அவர். குமுதவல்லி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் இதமாக ஒற்றினாள். "மெதுவாப் போப்பா, அவருக்கு உடம்பு குலுங்கக் கூடாது" என்றாள் ஆட்டோக்காரனிடம். வண்டி தெருமுனையில் திரும்பியதும் ஜெசிந்தா கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டரும் எதிரே இருந்த நோயாளியும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். "தணிகாசலம் சாரை அந்தம்மா..." என்று ஆரம்பித்தாள். அவளிடம் இருந்தது 'தேவைப்படாது' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான்.