ரோக்கு குரைத்த காலை

நருமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால், குட்டை மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு கரடி வெளியே வந்தது.

அவர் பார்க்கவில்லை. கோவில் முற்றத்து செஸ்ட்நட் மரத்தடியில் குனிந்து சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

நான் சன்னதியின் மேல்படியில் நின்றிருந்தேன். ஒரு கையில் என் நாய் ரோக்குவின் வார். இன்னொரு கை மணிக்கயிற்றில். எங்களுக்கும் அவருக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். அவருக்கும் கரடிக்கும் நடுவே அதில் பாதி.

ரோக்கு குரைத்தான்.

குரைத்தான் என்றுதான் சொல்லவேண்டும். நாலு காலையும் ஊன்றி, கழுத்தை எக்கி, உடம்பு மொத்தமும் உதறக் குரைத்தான். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்புவரை அவன் குரல் தெருமுனைக்குக் கேட்கும். தபால்காரர் வந்தால் குரைப்பான். காக்கை உட்கார்ந்தால் குரைப்பான். அடுத்த வீட்டில் நருமி அம்மாவின் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். நருமி அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பதினொரு வீட்டு முத்திரைகளை வாங்கித் தெருச் சங்கத்தில் மனு கொடுத்தார். பிறகு என் வாசலுக்கே வந்து நின்றார்.

"ஒண்ணு நாயை யார்கிட்டயாவது குடுத்துடுங்க. இல்ல, சத்தத்தை எடுத்துடுங்க."

சத்தத்தை எடுக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குரல்நாண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, ரோக்கு தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான். சத்தம் வரவில்லை என்றதும் திரும்பி என்னைப் பார்த்தான்.

கரடி நின்றது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. துடைப்பம் சரக் சரக்கென்று போய்க்கொண்டே இருந்தது.

நருமி அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எங்கள் பக்கம் பார்த்தார். ரோக்குவின் திறந்த வாயைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன, கொட்டாவியா? ராத்திரி தூங்கலையா உங்க பிள்ளை?"

மறுபடி குனிந்துகொண்டார்.

கரடி ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அடி. அதன் மூச்சு குளிரில் புகையாக வந்தது.

ரோக்கு வாரை இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. தப்பி ஓடத்தான் இழுக்கிறான் என்று நினைத்தேன். அவன் இழுத்தது நருமி அம்மாவை நோக்கி.

அப்போதுதான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன்.

வார் கையைவிட்டுப் போனது. சாமியைக் கூப்பிட இரண்டு தரம் ஆட்டுகிற மணியை நான் கூரையே இடிந்து விழுகிற மாதிரி ஆட்டினேன். ரோக்கு படிகளைத் தாண்டிக் குதித்து, நருமி அம்மாவையும் தாண்டி, கரடிக்கு நேர் எதிரில் போய் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான்.

நருமி அம்மா கோபமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

கரடி இரண்டு காலில் எழுந்தது. ரோக்குவைப் பார்த்தது, மணி ஆடுகிற பக்கம் பார்த்தது. பிறகு தொப்பென்று முன்கால்களை ஊன்றித் திரும்பி, புதரைப் பிளந்துகொண்டு மலைப்பக்கம் ஏறிப் போய்விட்டது.

நருமி அம்மா கூட்டிவைத்த சருகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ரோக்கு அவர் முகத்தை நக்கினான். நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ரோக்குவின் படம் வந்தது. பக்கத்தில் வாரைப் பிடித்துக்கொண்டு நருமி அம்மா நின்றார்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். வாசல் தரையில் நெற்றி படக் குனிந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நான் பண்ணின காரியத்துக்கு, வேற யாரா இருந்தாலும் பேசாம நின்னு வேடிக்கை பார்த்திருப்பாங்க," என்றார்.

நான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன்.

நகராட்சியிலிருந்தும் ஓர் ஆள் படிவத்தோடு வந்தார். எந்த இடம், எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் போனது என்று எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில் நான் கரடியை முதலில் எப்போது பார்த்தேன் என்று கேட்டார்.

"புதரை விட்டு வெளிய வந்தப்போ," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உண்மையில், கரடி வந்த அந்தக் காலை நானும் ரோக்குவும் படியேறி வந்தபோது முற்றத்தில் கரடி மட்டும்தான் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து செஸ்ட்நட் தின்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து புதருக்குள் நகர்ந்தது. ஆனால் போய்விடவில்லை. இலைகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் ரோக்குவை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து சன்னதிப் படியில் ஏறிவிட்டேன்.

அப்புறம்தான் கீழேயிருந்து நருமி அம்மா துடைப்பத்தோடு ஏறி வந்தார். மரத்தடிக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி, இல்ல?"

"ஆமா," என்றேன். "ஜாஸ்திதான்."