வாடாமல்லிக் கறை

"கறை தானாப் போயிருமா? சட்டை தன்னைத் தானே தொவைச்சுக்குச்சா?"

தெய்வாத்தாள் அக்கா இரண்டு கையாலும் சட்டையை விரித்துப் பிடித்தபடி குழாயடியில் கத்திக்கொண்டிருந்தார்.

மகன் மயில்சாமியின் வெள்ளைச் சட்டை. பளிச்சென்று இருந்தது.

அதுதான் சண்டையே.

என் பக்கத்து வீட்டுக்காரி குனிந்து குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய குடத்தையே.

"தாராபுரத்துல மக ஊட்டுல நாலு நாள் இருந்துட்டு நேத்து வாரேன். கொடியில இது தொங்குது. முதுகுல இத்தனை பெருசு வாடாமல்லிக் கலரு. உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வாரேன், சட்டையக் காணோம். இன்னிக்கு விடியுது, வெள்ளையாத் தொங்குது."

எங்கள் லைனில் பத்து வீடு. வாடாமல்லிச் சேலை ஒன்றுதான். தீபாவளிக்கு அவள் எடுத்தது.

யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் யாரும் பல் விளக்குவதில்லை.

"பக்கத்துக் கொடித் துணி பட்டு ஒட்டியிருக்கும்ங்க அக்கா," என்றாள் கடைசி வீட்டுச் சரோசா. நல்ல மனசு அவளுக்கு.

"காஞ்ச துணி எங்கடி சாயம் விடும்? திருப்பூர்ல இருந்துக்கிட்டு எனக்கே சொல்லித் தர்றியா? ஒரே வாளில ஊறியிருக்குது. எவ வாளி? அதச் சொல்லு."

புருஷன் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகத் திரும்பாதவள். அவள் வாளியில் மூன்றாம் வீட்டுக் கல்யாணமாகாத ஆளின் சட்டை. இது யார் வாயிலாவது வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் இந்த லைனில் இருக்க முடியாது.

அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று.

நேற்றுச் சாயங்காலம் எலுமிச்சம்பழம் ஆறு வாங்கினாள். ஒற்றை ஆளுக்கு ரசம் வைக்க ஆறு எதற்கு? கல்லுப்பு நுணுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரஷ் சத்தம். பிறகு பிளீச்சிங் பவுடர் நெடி. என் வீட்டுக்குள் எனக்குக் கண் எரிந்தது.

இன்று அவள் விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன.

"நீ கம்பெனில செக்கிங் பொண்ணுதான? நீ பாரு சாமி," என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

சட்டை என் கைக்கு வந்தது.

ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்க்கிறேன். கறை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். யார் கை பட்டது என்று கேட்பது என் வேலை இல்லை.

முதுகைப் பார்த்தேன். சுத்தம்.

கையைப் பார்த்தேன். சுத்தம்.

நல்ல வேலைக்காரி.

அங்கேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

விரல் காலரைப் புரட்டியது. மடிப்புக்குள், தையல் நூலில், நகத்தளவு வாடாமல்லி.

அவள் நிமிர்ந்தாள். கெஞ்சவில்லை. என் விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

"நூல்ல நிக்குதுங்க அக்கா," என்றேன்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பத்தாவது வீடு வரை கேட்டது.

மயில்சாமி வாசலுக்கு வந்தார்.

"கம்பெனில ஒட்டியிருக்கும். விடும்மா."

அவர் கம்பெனியில் வெள்ளை பனியன் மட்டும்தான் ஓடுகிறது. லைனுக்கே தெரியும். யாரோ சிரித்தார்கள்.

நான்தான் என்று நினைக்கிறேன்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதுவரை தாங்கி நின்றவளுக்கு அப்போதுதான் முகம் தொங்கியது. தண்ணீர் பிடிக்காமலே வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தாள். பெருமாநல்லூர் என்றார்கள். அவிநாசி என்றார்கள். நான் விசாரிக்கவில்லை.

நானே விசாரிக்கவில்லை.

தெய்வாத்தாள் அக்காவுக்கு என்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. இப்படி விவரமான வீட்டில் பெண் எடுத்தால் குடும்பம் கெடாது என்று, அடுத்த மாதமே பழத்தட்டோடு வந்தார்.

தை மாதம் என் தங்கை கோகிலாவுக்கும் மயில்சாமிக்கும் கல்யாணம் நடந்தது.

என்னைக் கண்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போகிறார்.

தன் அக்காள்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை என்று கோகிலா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.