பங்களாக்காரர்களுக்கு மட்டும்

"சத்தமா சொல்லாதீங்க மேடம். மிச்சம் இருக்கிற ஊசிய உங்க பங்களாக்காரங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன். இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

சலூன் வாசலில் நின்று நர்ஸ் செல்போனில் கிசுகிசுத்தாள். உள்ளே கத்தரிக்கோல் பாதித் தலையில் நின்றுவிட்டது.

எதிரே நூலகத்தில் தடுப்பூசி முகாம் போட்டு நாலு நாளாக அந்த நர்ஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் என்றால், அதற்கு முழுக்காரணமும் இந்தச் சலூன்காரர்தான். "அதைப் போட்டா முடி கொட்டிடும். அப்புறம் உங்களுக்கு எதுக்கு நான், எனக்கு எதுக்குக் கடை?" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதினார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

மாடியில் குடியிருக்கும் அவர் மனைவிக்கு இழுப்பு உண்டு. தொற்று வந்தால் தாங்க மாட்டாள்.

"நான் மட்டும் போட்டுக்கிட்டு வந்துடறேங்க" என்று அவள் கெஞ்சியபோதும், "ஓசியில குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்குடி" என்று வாயை அடைத்துவிட்டார்.

இன்று காலை நர்ஸ் போனும் சார்ஜருமாக வந்து நின்றாள். அவளையும் விரட்டிவிட்டார். "தெருவுக்கே கரண்ட் இல்ல சிஸ்டர். டிரிம்மர் ஓடாம நானே கத்தரிக்கோலோட மாரடிச்சிட்டிருக்கேன்."

இப்போது நாற்காலியில் இருந்த வேன் டிரைவர் பாதித் தலையோடு திரும்பினார். "கேட்டீங்களாண்ணே? பங்களாக்காரங்க சும்மாவா கேப்பாங்க?"

"அப்ப அது நல்ல சரக்குதான்யா! நம்ம காதுல பூ சுத்திட்டு அங்க கொண்டு போறாங்க!" சலூன்காரர் துண்டை உதறிவிட்டு மாடியைப் பார்த்துக் கத்தினார். "ஏய், மாஸ்க்க மாட்டிக்கிட்டு ஓடி வா! சீக்கிரம்!"

டிரைவர் பாதித் தலையோடு பின்னால் ஓடினார். அந்தக் கோலத்தைப் பார்த்து, என்ன ஏதென்று கேட்டபடி தெருவே கூட வந்தது.

"மொதல்ல எங்க தெருவுக்குப் போடுங்க. மிஞ்சினா பங்களாவுக்கு!" என்று நூலக மேசையைத் தட்டினார் சலூன்காரர்.

"ஐயையோ, மேடத்துக்கு வாக்குக் கொடுத்துட்டேனே!" என்று கையைப் பிசைந்த நர்ஸ், முதல் ஆளாக அவர் மனைவியைத்தான் உட்கார வைத்தாள். அடுத்து அவர். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாலும், முகத்தில் கோட்டையைப் பிடித்த பெருமை.

வரிசை வாசல் தாண்டி வளைந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சிஸ்டர், உங்க மேடத்துக்கு இப்ப என்ன பதில் சொல்லப்போறீங்க?"

தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. நர்ஸ் பையிலிருந்து செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கரண்ட் வந்துடுச்சுல்ல, இப்பவாவது சார்ஜ் போட்டுக் குடுங்கண்ணா. காலைலேர்ந்து செத்துக் கிடக்குது."