திரும்பி வரும் போன்கள்

பிஸ்கட் கம்பெனி வாசலில் இருக்கும் காவலாளிக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. போனது போனதுதான் என்றாலாவது ஒரு புகார் கொடுத்துவிடலாம். போன பொருள் தானாகத் திரும்பி வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் கம்பெனிக்கு ஒரு டாக்டரம்மா வந்து பேசியதிலிருந்து ஆரம்பித்தது. செல்போனை எந்நேரமும் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தால் ஆண்களின் பிள்ளைப் பாக்கியத்துக்குப் பாதிப்பு வரலாம் என்று அவர் சொன்னதுதான் தாமதம். மறுநாளே ஆண்கள் அத்தனை பேரும் போனைக் காவலாளி அறை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கல்யாணம் நிச்சயமானவர்கள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள்.

அங்கேதான் வந்தது வினை. வேலை நேரத்தில் ஏழெட்டு போன்கள் மாயமாகும். சாயங்கால மணி அடிப்பதற்குள் அதே இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கும்.

“பேங்க் கணக்கை நோண்டுற கும்பல்யா இது. நம்ம ஆள் ஒருத்தனை உள்ளயே வெச்சிருக்காங்க,” என்றார் மேனேஜர். “நாளைக்குள்ள அவனைப் பிடிக்கலைன்னா நீங்க வேற வேலை பாத்துக்குங்க.”

இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாள் லாரிக்குக் கதவு திறக்கப் போவதுபோல் கிளம்பி, ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றுகொண்டார். வந்தது யார் என்று பார்த்தால், அட்டைப்பெட்டி ஒட்டி ஒட்டியே ‘பசை’ என்று பட்டப்பெயர் வாங்கியவன்! இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஆள். வலது பாக்கெட்டில் நாலு போன், இடது பாக்கெட்டில் நாலு. பாரம் தாங்காமல் இறங்கிய பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கையும் களவுமாகப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துப் போனார் காவலாளி. தன் வேலை பிழைத்தது என்ற சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை.

எட்டு போனும் மேஜைக்கு வந்தன. “எந்தக் கும்பல்டா? யார்கிட்ட குடுக்கற?” என்றார் மேனேஜர்.

“யார்கிட்டயும் குடுக்கல சார். பாக்கெட்லயே வெச்சிருந்துட்டு சாயங்காலம் திரும்ப வெச்சிடுவேன்.”

“லாக்கை எப்படித் திறக்கற?”

“எனக்கு பட்டன் போனையே ஒழுங்கா அமுக்கத் தெரியாது சார்.”

“கதை விடாத! போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“ஐயோ, வேணாம் சார்! அன்னைக்கு டாக்டரம்மா பேசினப்ப நானும் கேட்டேன்…” பசையின் குரல் உடைந்தது. காவலாளிக்கே பாவமாகப் போய்விட்டது.

மேனேஜர் விடவில்லை. “அதைக் கேட்டுட்டுத்தானேடா எல்லாரும் போனை வெளிய எடுத்து வெச்சாங்க? நீ எதுக்கு உள்ள வெக்கற? அதுவும் எட்டு!”

பசை தலையைச் சொறிந்தான். காதுமடல்வரை வெட்கம் ஏறியிருந்தது.

“வீட்ல ஏற்கெனவே ஆறு பிள்ளைங்க சார், ஆபரேஷன்னா எனக்கு பயம், போன் வெச்சா பிள்ளை பொறக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா வேற சொல்லிட்டாங்களா… அதான் எதுக்கும் இருக்கட்டும்னு எட்டா வெச்சுக்கிட்டேன்!”